எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எந்த கோர்ஸை எப்ப எடுக்கறது? கடைசி செமஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க

கேள்வியை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் பதில் படிக்கிறவங்களுக்கும் புரியும். நீங்க டிகிரி படிச்சது எலக்ட்ரானிக்ஸ், மூணு வருஷம் எம்பெடட் (சாதனங்களுக்குள்ள ஓடற சிப்புக்கு கோடு எழுதற) வேலை பார்த்திருக்கீங்க, இப்ப ரெண்டு வருஷ எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேரப்போறீங்க. நாலு செமஸ்டர், மொத்தம் 10 கோர்ஸ். மொழி சம்பந்தப்பட்ட ஏஐ பக்கம் போகணும்னு ஆசை, முடிஞ்சா தீசிஸும், அதாவது ஒரு ஆராய்ச்சி பண்ணி எழுதறதும், பண்ணணும். உங்க பிளான் என்னன்னா முதல் செமஸ்டர்லயே மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், என்எல்பி (மனுஷ மொழியை கம்ப்யூட்டர் கையாள வைக்கறது), டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ் (பல கம்ப்யூட்டர் சேர்ந்து ஒண்ணா வேலை செய்யறது) நாலையும் எடுத்து முடிச்சுடறது, அல்காரிதம்ஸ் கோர்ஸை கடைசிக்கு தள்ளிடறது, கடைசி செமஸ்டரை லேசா வெச்சுட்டு வேலை தேடறது. இது சரியா வருமான்னு கேட்டிருக்கீங்க.

வராதுங்க. கஷ்டப்பட்டு உழைச்சா போதும்னு நினைச்சு இதே மாதிரி பிளானோட உள்ள போனவங்களை நிறைய பார்த்திருக்கேன், அஞ்சாவது வாரம் ஆறாவது வாரம் வரும்போது ரெண்டு கோர்ஸை டிராப் பண்ணிட்டு நிப்பாங்க. அவங்க யாரும் சோம்பேறி கிடையாது, பிளான்லயே தப்பு இருந்துச்சு, அவ்வளவுதான். ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சாத்தான் உங்க யூனிவர்சிட்டி கோர்ஸ் லிஸ்ட்டை வெச்சு நீங்களே திரும்ப பிளான் போட முடியும், என் பிளானை அப்படியே காப்பி அடிச்சா உங்க இடத்துல அது ஒத்து வராம போகலாம்.

முதல்ல மணிக்கணக்கு. ஐரோப்பாவுல படிப்பை ஈசிடிஎஸ் கிரெடிட்ல அளக்கறாங்க, ஒரு வருஷத்துக்கு 60, ஒரு கிரெடிட்ன்னா 25ல இருந்து 30 மணி நேர உழைப்பு. ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ்னா 120 கிரெடிட், கணக்கு போட்டுப் பாருங்க, குறைஞ்சது 3000 மணி நேரம். அமெரிக்க கணக்கு வேற மாதிரி இருக்கும், வாரத்துக்கு ஒரு மணி நேர கிளாஸுக்கு வெளியில ரெண்டு மணி நேர வேலைன்னு வெச்சு ஒரு கிரெடிட், அப்ப 3 கிரெடிட் கோர்ஸ் ஒண்ணு வாரத்துக்கு 9 மணி நேரம். காகிதத்துல 9. ஆனா ப்ராஜெக்ட் வெச்சு நடத்தற சிஸ்டம்ஸ் கோர்ஸ் எதுவும் 9 மணி நேரத்துல முடியாது, 15, 20ன்னு போகும், டெட்லைன் வாரத்துல அதுக்கும் மேல. நீங்க சொன்ன நாலும் ப்ராஜெக்ட் கோர்ஸ். நாலும் சேர்ந்தா வாரம் 60 மணி நேரத்தைத் தாண்டும், அதுல சமையல், தூக்கம், புது ஊர், புது வீடு எதுவும் சேர்க்கலை.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் முதல் செமஸ்டர்ல என்ன எடுக்கறதுன்னுதான் யோசிக்க ஆரம்பிக்கறாங்க. நான் யார் கேட்டாலும் கடைசி செமஸ்டர்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். கடைசி நாள் நீங்க கையில என்ன வெச்சுக்கிட்டு வெளிய வரணும்? உங்களுக்கு தீசிஸ் ஆசை இருக்கு. அப்ப நாலாவது செமஸ்டர் முடிவுல தீசிஸ் எழுதி டிஃபென்ட் பண்ணியிருக்கணும், அதாவது ப்ரொஃபசர்கள் கேள்விக்கு பதில் சொல்லி முடிச்சிருக்கணும். அதுக்கு வேலை மூணாவது செமஸ்டர் முதல் நாள்லயே ஓட ஆரம்பிச்சிருக்கணும். அதுக்கு ரெண்டாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு கைடு உங்களை எடுத்துக்கிட்டு இருக்கணும். ஒரு ப்ரொஃபசர் முன்ன பின்ன தெரியாத ஒருத்தரை தீசிஸுக்கு எடுக்க மாட்டாங்க, அவங்க கோர்ஸ்லயோ ரீடிங் குரூப்லயோ நீங்க வேலை செஞ்சதை அவங்க கண்ணால பார்த்திருக்கணும். அதாவது அந்த ப்ரொஃபசரோட கோர்ஸை நீங்க ரெண்டாவது செமஸ்டர்லயே எடுத்தாகணும், அதுக்கு தேவையான அடிப்படை முதல் செமஸ்டர்ல முடிஞ்சிருக்கணும். பார்த்தீங்களா, பின்னாடி இருந்து நாலு படி இறங்கினதும் முதல் செமஸ்டர் என்னன்னு பாதி தானாவே முடிவாயிடுச்சு.

இதை நம்ம துறை பாஷையிலயே சொல்லலாம். கோர்ஸ் எல்லாம் நோட், ப்ரீரெக்விசிட் (ஒரு கோர்ஸுக்கு முன்னாடி முடிச்சிருக்க வேண்டியது) எல்லாம் அம்புக்குறி, நீங்க செய்யறது டோப்பலாஜிக்கல் சார்ட், அதாவது அம்புக்குறி மாறாம வரிசைப்படுத்தறது. ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்து கையால வரைங்க, நிஜமா வரைங்க, மனசுக்குள்ள போட்டா விட்டுப்போயிடும். லீனியர் ஆல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் மெஷின் லேர்னிங்குக்குப் போகும், மெஷின் லேர்னிங் என்எல்பிக்குப் போகும், என்எல்பி தீசிஸுக்குப் போகும், தீசிஸ் முதல் பாதி ரெண்டாவது பாதிக்குப் போகும். எண்ணுங்க: மெஷின் லேர்னிங், என்எல்பி, தீசிஸ் ஒண்ணு, தீசிஸ் ரெண்டு. நாலு கண்ணி, நாலு செமஸ்டர். நடுவுல ஒரு செமஸ்டர் கூட தள்ளிப்போட இடமே இல்ல. இதுதான் உங்க கிரிட்டிக்கல் பாத். மத்த கோர்ஸ் எல்லாம் முன்ன பின்ன நகரலாம், இந்த நாலும் நகரக்கூடாது. இன்னொரு சங்கிலி ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), அதுல இருந்து டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ். அது ரெண்டே கண்ணி, அதனால அதுக்கு தாராளமா இடம் இருக்கு, முதல் செமஸ்டர்ல அவசரப்பட்டு டிஸ்ட்ரிப்யூட்டட் எடுக்க வேண்டிய தேவையே இல்ல.

வரைஞ்ச பேப்பர்ல ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்துலயும் அது எந்த செமஸ்டர்ல நடக்குதுன்னு எழுதுங்க. இதைத்தான் முக்கால்வாசி பேர் விட்டுடறாங்க. கேட்டலாக்ல இருக்கற கோர்ஸ் எல்லாம் ஒவ்வொரு வருஷமும் நடக்காது, சிலது ஒரு செமஸ்டர்ல மட்டும், சிலது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சிலது அந்த ஒரு ப்ரொஃபசர் இருந்தா மட்டும். நான் படிக்கும்போது கம்பைலர் கோர்ஸ் மேல ரொம்ப ஆசை வெச்சிருந்தேன், முதல் வருஷம் நடந்துச்சு, அடுத்த வருஷம் நிதானமா எடுத்துக்கலாம்னு விட்டேன், அடுத்த வருஷம் அந்த ப்ரொஃபசர் சபாட்டிக்கல்னு நீண்ட லீவுல போயிட்டாங்க, கோர்ஸே நடக்கல. கேட்டலாக்ல அப்பவும் கம்பைலர்னு பேர் இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஒரு குறைதான், அப்புறமா தனியா உட்கார்ந்து படிச்சேன், ஆனா ஒருத்தர் உங்க கோடைப் பார்த்து இங்க தப்புன்னு சொல்லிக் கொடுக்கறது வேற. அதனால கேட்டலாக்கை நம்பாதீங்க, போன ரெண்டு மூணு வருஷ டைம்டேபிளை எடுத்து வெச்சு எது எப்ப நிஜமா நடந்திருக்குன்னு பாருங்க, டிபார்ட்மெண்ட் ஆஃபீஸ்ல கேட்டா அடுத்த வருஷத்துக்கு உத்தேசமா என்ன நடக்கும்னும் சொல்வாங்க.

அல்காரிதம்ஸை கடைசிக்குத் தள்ளறேன்னு சொன்னீங்க இல்ல, அதைப் பத்தி தனியா சொல்லணும். நிறைய யூனிவர்சிட்டியில தியரி, சிஸ்டம்ஸ், ஏஐன்னு பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு கோர்ஸாவது எடுக்கணும்னு ரூல் இருக்கும், சில இடத்துல அந்த கோர் கோர்ஸ்ல குறைஞ்சது பி கிரேடு வாங்கணும். ஜார்ஜியா டெக் 2014ல ஆரம்பிச்ச ஆன்லைன் எம்எஸ்ல இப்படி ஒரு ரூல் உண்டு, முதல் 12 மாசத்துக்குள்ள ரெண்டு ஃபவுண்டேஷன் கோர்ஸை பி அல்லது அதுக்கு மேல வாங்கி முடிச்சாகணும். எதுக்காக இப்படி ரூல் போடறாங்கன்னு யோசிச்சா நம்ம பிளானுக்கும் அதுல பாடம் இருக்கு. கடைசி செமஸ்டர்ல ஒரு கட்டாய கோர்ஸ்ல கிரேடு குறைஞ்சா திரும்ப எழுத செமஸ்டரே மிச்சம் இருக்காது, பட்டம் வாங்கறது ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும், கிடைச்ச வேலை சேர்ற தேதி, வீசா எல்லாம் அதோட சேர்ந்து ஆடும். எலக்ட்ரானிக்ஸ்ல இருந்து வர்ற ஒருத்தருக்கு மூச்சு முட்டற கோர்ஸ் இதுதான், ஏன்னா ப்ரூஃப் எழுதற பழக்கம் இருக்காது. பயமா இருக்கற கட்டாய கோர்ஸை முதல்ல எடுங்க. அது தவிர வேலை இண்டர்வியூவுல கேக்கறது முக்காவாசி இதுல இருந்துதான், இண்டர்ன்ஷிப் இண்டர்வியூ எல்லாம் முதல் செமஸ்டர்லயே ஆரம்பிச்சுடும், அப்ப தலைக்குள்ள கிராஃபும் டைனமிக் ப்ரோக்ராமிங்கும் சூடா இருந்தா நல்லதுதானே.

ரெடியா இருக்கோமா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன சோதனை சொல்றேன், சேர்றதுக்கு முன்னாடியே வீட்டுல உட்கார்ந்து பண்ணிப் பாருங்க.

அல்காரிதம்ஸுக்கு இது. ஒரே ஹால், நிறைய மீட்டிங், ஒவ்வொண்ணுக்கும் ஆரம்பிக்கிற நேரம் முடியற நேரம் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு மோதாம அதிகபட்சம் எத்தனை மீட்டிங் நடத்தலாம்? சீக்கிரம் முடியறதை முதல்ல எடு, மோதறதை தூக்கிப் போடு, திரும்ப அதையே செய், இதான் விடை. இது எல்லாருக்கும் தெரியும். ஏன் இது எப்பவும் சரியா வரும்னு 10 வரியில எழுதுங்க பார்ப்போம். வேற யாரோ ஒருத்தர் கிட்ட இதைவிட நல்ல விடை இருக்குன்னு வெச்சுக்கிட்டு, அவரோட முதல் மீட்டிங்கை எடுத்துட்டு நம்மளோட முதல் மீட்டிங்கை அங்க வெச்சா எதுவும் மோதாது, ஏன்னா நம்மளோடது அதைவிட முன்னாடியோ அதே நேரத்துலயோ முடிஞ்சுடும், இப்படியே ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போகலாம்னு வாதம் வந்துச்சுன்னா நீங்க ரெடி. உதாரணம் மட்டும்தான் எழுத வருது, வாதம் வரலைன்னா சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் டிஸ்க்ரீட் மேத்ஸ் படிங்க.

மெஷின் லேர்னிங்குக்கு இது. மூணு கிளாஸ், உங்க மாடல் சாஃப்ட்மேக்ஸ் (எண்களை ப்ராபபிலிட்டியா மாத்தற ஃபார்முலா) போட்டு 0.7, 0.2, 0.1ன்னு ப்ராபபிலிட்டி கொடுக்குது, சரியான விடை ரெண்டாவது கிளாஸ். லாஸ், அதாவது தப்போட அளவு, கிராஸ் என்ட்ரபி. சாஃப்ட்மேக்ஸுக்கு உள்ள போன மூணு எண்ணைப் பொறுத்து லாஸோட கிரேடியண்ட் என்ன? கையால டெரிவேட்டிவ் எடுத்து வந்தா 0.7, மைனஸ் 0.8, 0.1ன்னு வரும், அதாவது ப்ராபபிலிட்டியில இருந்து சரியான விடையைக் கழிச்சா போதும், மூணையும் கூட்டினா பூஜ்யம். இது ஏன் இவ்வளவு அழகா சுருங்குதுன்னு பேப்பர்ல செயின் ரூல் போட்டு நீங்களே வரவழைச்சா, உங்களுக்கு அந்த கோர்ஸ்ல பயமே வேண்டாம். லைப்ரரியில ஒரு வரி எழுதி ஓட்ட மட்டும்தான் தெரியும்னா முதல் ஹோம்வொர்க்லயே மாட்டுவீங்க, ஏன்னா நல்ல கோர்ஸ் எல்லாம் முதல் ஹோம்வொர்க்ல இதைத்தான் கேக்கும். உங்களுக்கு சிக்னல்ஸ் படிச்ச பழக்கம் இருக்கறதால லீனியர் ஆல்ஜீப்ரா தகராறு பண்ணாதுன்னு நினைக்கறேன், ப்ராபபிலிட்டியை மட்டும் ஒருதடவை தூசி தட்டுங்க.

ஓஎஸ்ல உங்களுக்கு நல்ல பலம் இருக்கு, அது உங்களுக்கே தெரியல போலிருக்கு. மூணு வருஷம் எம்பெடட்ல இண்டரப்ட் எழுதினவங்களுக்கு சி பாயிண்டர், ரெஜிஸ்டர், ஸ்டாக் எல்லாம் தண்ணி பட்ட பாடு, கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே டிகிரி முடிச்சுட்டு வர்ற பலருக்கு அது கிடையாது. எம்ஐடியோட எக்ஸ்வி6னு ஒரு குட்டி ஓஎஸ் இருக்கு, ரிஸ்க்-ஃபைவ் ப்ராசசர்ல ஓடும், கோடு லேப் எல்லாம் ஓப்பனா கிடைக்குது, அதுல காப்பி ஆன் ரைட் ஃபோர்க் லேபை (மெமரியில எழுதும்போது மட்டும் காப்பி எடுக்க வைக்கற பயிற்சி) லீவுல பண்ணிப் பாருங்க. பேஜ் டேபிள்னா என்னன்னு அன்னிக்குத்தான் நிஜமா புரியும். இதை முடிச்சீங்கன்னா ஓஎஸ் கோர்ஸ் உங்களுக்கு மத்தவங்களை விட லேசா போகும், அந்த நேரத்தை அல்காரிதம்ஸுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது, எந்த விஷயத்துக்கு கிரெடிட் செலவு பண்றது எதைத் தனியா படிச்சுக்கறதுங்கறது. என் அபிப்ராயம் இதுல கொஞ்சம் கடுமையா இருக்கும், ஒத்துக்காதவங்களும் இருப்பாங்க. ஒரு குறிப்பிட்ட ஃப்ரேம்வொர்க், ஒரு கம்பெனியோட கிளவுட், வெப் டெவலப்மெண்ட், டேட்டா டேஷ்போர்டு, இந்த மாதிரி கோர்ஸுக்கு மாஸ்டர்ஸ் கிரெடிட்டை செலவு பண்ணாதீங்க. அது உபயோகமில்லாத விஷயம்னு சொல்லல, தினமும் உபயோகப்படும், ஆனா டாக்குமெண்டேஷன் வெச்சு ரெண்டு வார இறுதியில தனியா கத்துக்கலாம். 10 இடம்தான் இருக்கு உங்ககிட்ட. ஒருத்தர் பேப்பரைத் திருத்தி, லேபை ஓட்டிப் பார்த்து, இல்ல இது தப்புன்னு சொன்னாத்தான் ஏறும்ங்கற விஷயங்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்க. ப்ரூஃப் எழுதற கோர்ஸ், பெரிய கோடு எழுதற சிஸ்டம்ஸ் கோர்ஸ், வாராவாரம் பேப்பர் படிச்சு விவாதம் பண்ற செமினார், இது மூணும் தனியா படிக்கும்போது பாதியிலயே நின்னுபோற வகை.

இன்னொரு காரணமும் இருக்கு. இன்னிக்கு மொழி ஏஐக்கு அடிப்படையா இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் மாடலோட பேப்பர் வந்தது 2017ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி என்எல்பி கோர்ஸ் எடுத்தவங்க எல்எஸ்டிஎம்ங்கற பழைய மாடலைத்தான் வாரக்கணக்கா படிச்சிருப்பாங்க, அது 1997ல வந்தது. படிச்சு முடிச்சு வெளிய வர்றதுக்குள்ள மாடலே மாறிப்போச்சு. ஆனா அவங்க படிச்சதுல எது வீணாகலைன்னு பாருங்க: மேட்ரிக்ஸ் பெருக்கல், சாஃப்ட்மேக்ஸ், 1986ல பிரபலமான பேக்ப்ராபகேஷன் (மாடல் தன் தப்பை வெச்சு தன்னைத் திருத்திக்கற வழி), டேட்டாவை ட்ரெயின் டெஸ்ட்னு ஒழுங்கா பிரிக்கற ஒழுக்கம். டேட்டாபேஸ்லயும் இதே கதைதான், காட்ங்கற ஆராய்ச்சியாளர் ரிலேஷனல் மாடலை (டேட்டாவை டேபிளா வெக்கற முறை) எழுதினது 1970ல, இன்னிக்கும் நீங்க எழுதற எஸ்க்யூஎல் அது மேலதான் நிக்குது. கோர்ஸ் சிலபஸைப் பார்க்கும்போது இந்த கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாருங்க, 10 வருஷம் கழிச்சும் இதுல எவ்வளவு மிச்சம் இருக்கும்னு.

சிஸ்டம்ஸ் கோர்ஸ் ஏன் அவ்வளவு நேரம் திங்குதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், அப்பதான் ரெண்டு சிஸ்டம்ஸ் கோர்ஸை ஒரே செமஸ்டர்ல போடாதீங்கன்னு நான் சொல்றது உறைக்கும். டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ் கோர்ஸ் நிறைய இடத்துல ராஃப்ட் (பல சர்வர் ஒரே முடிவுக்கு வர்றதுக்கான முறை) எழுதச் சொல்வாங்க, எம்ஐடியில 6.824னு இருந்து இப்ப 6.5840னு நம்பர் மாறின கோர்ஸ்ல இருந்து வந்த பழக்கம் அது, கோ மொழியில எழுதணும். அஞ்சு சர்வர், ஓட்டு போட்டு ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்கணும், மூணு ஓட்டு வாங்கினா லீடர். கேக்க சுலபமா இருக்கும், கோடும் 500 வரி சுமார்தான் வரும். நான் எழுதி முடிச்சேன், டெஸ்ட் பாஸ் ஆச்சு, சந்தோஷமா தூங்கிட்டேன். மறுநாள் அதே டெஸ்டை 100 தடவை ஓட்டினா ஒரு தடவை ஃபெயில். எந்த இடம்னு தெரியல. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கலர் கொடுத்து லாக் பிரிண்ட் பண்ணி ஆயிரக்கணக்கான வரியை கண்ணால மேய்ஞ்சேன், மூணு ராத்திரி. கடைசியில பார்த்தா, டேர்ம் 4ல (டேர்ம்னா ஒரு தேர்தல் சுற்று) ஒரு சர்வர் ஓட்டு கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கு, பதில் வர லேட் ஆகியிருக்கு, அதுக்குள்ள அந்த சர்வர் டேர்ம் 5க்குப் போய் திரும்ப ஓட்டு கேட்டுக்கிட்டு இருக்கு, அப்ப டேர்ம் 4க்கு வந்த பழைய ஓட்டையும் சேர்த்து எண்ணிட்டேன். பதில் வந்ததும், நான் கேட்டபோது இருந்த டேர்மும் இப்ப இருக்கற டேர்மும் ஒண்ணுதானான்னு பார்க்கற ஒரே ஒரு இஃப் கண்டிஷன் விட்டுப்போயிருக்கு. ஒரு வரி, மூணு ராத்திரி. ஆனா அந்த மூணு ராத்திரியில நெட்வொர்க்ல பழைய மெசேஜ்ங்கறது என்னன்னு எனக்கு எலும்புல ஏறிடுச்சு, இப்பவும் எந்த டிசைனைப் பார்த்தாலும் முதல்ல அந்த கேள்விதான் வருது. இந்த மாதிரி ராத்திரி எந்த வாரம் வரும்னு முன்கூட்டி சொல்லவே முடியாது, அதனாலதான் அதே செமஸ்டர்ல இன்னொரு கனமான ப்ராஜெக்ட் கோர்ஸ் இருந்தா ரெண்டுமே கெட்டுப்போகுது.

இங்கயே இன்னொண்ணும் சொல்லிடறேன், இப்ப எல்லார் கிட்டயும் கோடு எழுதிக் கொடுக்கற ஏஐ இருக்கு. கோர்ஸ் ரூல் என்ன சொல்லுதோ அதை மீறாதீங்க, அது முதல் விஷயம், ஒவ்வொரு ப்ரொஃபசரும் ஒவ்வொரு மாதிரி ரூல் வெச்சிருப்பாங்க, சிலபஸ்லயே எழுதியிருக்கும். ரூல் அனுமதிச்சாலும் அந்த இஃப் கண்டிஷனைத் தேடற ராத்திரியை அதுகிட்ட கொடுத்துடாதீங்க. நீங்க பணமும் ரெண்டு வருஷமும் கொடுத்து வாங்கறதே அந்த ராத்திரியைத்தான்.

அப்ப ஒரு செமஸ்டரை எப்படிக் கட்டறது? கனமான ப்ராஜெக்ட் கோர்ஸ் ஒண்ணு, ப்ராப்ளம் செட்டும் எக்ஸாமும் வெச்ச கோர்ஸ் ஒண்ணு, மூணாவது எடுத்தா படிச்சு எழுதற வகை. மூணும் மூணு விதமா களைப்பு கொடுக்கும், அதனால ஒண்ணுல சலிச்சா இன்னொண்ணுல உட்காரலாம். ரெண்டு டீம் ப்ராஜெக்ட் ஒரே செமஸ்டர்ல வேண்டாம், ரெண்டோட ஃபைனல் ப்ரெசென்டேஷனும் கடைசி வாரத்துலதான் வரும், ரெண்டு டீமும் அதே வாரத்துல உங்களைத் தேடும். முதல் வாரமே எல்லா சிலபஸையும் வாங்கி எல்லா டெட்லைனையும் ஒரே பேப்பர்ல வாரவாரியா எழுதுங்க. எட்டாவது வாரத்துல மூணு மிட்டெர்ம் வந்து குவியுதுன்னா அன்னிக்கே தெரிஞ்சுடும், டிராப் பண்ண டைமும் இருக்கும். டிராப் டெட்லைனும் ஃபீஸ் திரும்பக் கிடைக்கற டெட்லைனும் ரெண்டு வேற தேதியா இருக்கலாம், ரெண்டையும் அதே பேப்பர்ல எழுதிக்கங்க. வெளிநாட்டு மாணவர்னா வீசாவுக்கு குறைஞ்சபட்ச கிரெடிட் இருக்கும், டிராப் பண்றதுக்கு முன்னாடி இண்டர்நேஷனல் ஆஃபீஸ்ல கேட்டுட்டு பண்ணுங்க.

ப்ரொஃபசர் யாருங்கறது கோர்ஸ் பேரை விட முக்கியம். அட்வான்ஸ்டு டேட்டாபேஸ்னு ஒரே பேர், ஒரு இடத்துல எஸ்க்யூஎல் எழுதி முடிஞ்சுடும், இன்னொரு இடத்துல பஃபர் பூல், பி ப்ளஸ் ட்ரீ இண்டெக்ஸ்னு டேட்டாபேஸோட உள் பாகம் எல்லாம் நீங்களே எழுதணும், கார்னகி மெலன் யூனிவர்சிட்டியோட 15-445 கோர்ஸ்ல பஸ்டப்னு ஒரு டேட்டாபேஸை மாணவர்களையே கட்ட வைக்கற மாதிரி. ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி போன வருஷ அசைன்மெண்ட்டைத் தேடிப் படிங்க, லெக்சர் ஸ்லைடு பார்த்து எதுவும் தெரியாது. சீனியர்ஸ் கிட்ட கோர்ஸ் ஈசியான்னு கேக்காதீங்க, எந்த வாரம் தூங்கல, எந்த அசைன்மெண்ட்டால அப்படி ஆச்சுன்னு கேளுங்க, உருப்படியான பதில் வரும்.

டீப் லேர்னிங்கும் என்எல்பியும் ரெண்டும் வேணுமான்னு கேட்டா, ரெண்டு சிலபஸையும் வாரவாரியா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பல இடத்துல முதல் பாதி ஒண்ணுக்கொண்ணு அப்படியே திரும்ப வரும், வேர்டு வெக்டர், ஆர்என்என், அட்டென்ஷன், ஃபைன் ட்யூனிங்னு. அப்படி இருந்தா உங்களுக்கு என்எல்பி போதும், ஏன்னா உங்க தீசிஸ் கைடா வரக்கூடியவங்க அந்த கோர்ஸ்லதான் இருப்பாங்க, அந்த கோர்ஸ் ப்ராஜெக்ட்டையே தீசிஸுக்கு விதையா போடலாம். மிச்சமாகற இடத்துல கணக்கு பக்கம் ஒரு கோர்ஸ் எடுங்க, ஆப்டிமைசேஷனோ ஸ்டாடிஸ்டிக்ஸோ. வெளி டிபார்ட்மெண்ட் கோர்ஸ் ஒண்ணு ரெண்டு எடுக்க அனுமதி இருந்தா எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட்ல கான்வெக்ஸ் ஆப்டிமைசேஷன் இருக்கான்னு பாருங்க, உங்க பின்னணிக்கு அது ரொம்ப பொருத்தம்.

இதெல்லாம் வெச்சு உங்க இடத்துல நான் இருந்தா இப்படிப் போடுவேன். முதல் செமஸ்டர் அல்காரிதம்ஸ், மெஷின் லேர்னிங், ஓஎஸ். இதுல கனம் ஓஎஸ்தான், அதுல உங்களுக்கு ஏற்கனவே கை பழகியிருக்கு. ரெண்டாவது செமஸ்டர் என்எல்பி, டேட்டாபேஸ் உள்கட்டமைப்பு, ஆப்டிமைசேஷன். என்எல்பி ப்ராஜெக்ட்டை நல்லா பண்ணிட்டு செமஸ்டர் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ப்ரொஃபசர் கிட்ட தீசிஸ் பத்தி பேசிடுங்க, கடைசி வாரத்துல போனா அவங்க இடம் எல்லாம் நிரம்பியிருக்கும். மூணாவது செமஸ்டர் டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸும் தீசிஸ் முதல் பாதியும், ரெண்டே ரெண்டு. நாலாவது செமஸ்டர் தீசிஸ் மிச்சமும் உங்களுக்குப் பிடிச்ச ஒரு செமினாரும், ஸ்பீச் ப்ராசசிங் இருந்தா சிக்னல்ஸ் படிச்சவருக்கு அதைவிட நல்லது வேற இல்ல. தீசிஸை ரெண்டு கோர்ஸா எடுத்துக்கிட்டா மொத்தம் 10 ஆச்சு, உங்க இடத்துல தீசிஸுக்கு எத்தனை கிரெடிட்னு மட்டும் பார்த்துக்கங்க, அது மாறினா செமினாரைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். நாலாவது செமஸ்டர் நீங்க கேட்ட மாதிரி லேசாவும் இருக்கு, வேலை தேடவும் நேரம் இருக்கு.

கைடு கிடைக்கலைன்னா என்ன பண்றது? அப்படி ஆகறது உண்டு, அதுல அவமானம் எதுவும் இல்ல. ரெண்டாவது செமஸ்டர் முடிவுல யாரும் ஒத்துக்கலைன்னா கோர்ஸ் மட்டும் எடுக்கற வழிக்கு மாறிடுங்க, மூணாவதுல டீப் லேர்னிங், நாலாவதுல செமினார் ஒண்ணு அந்த இடத்துக்கு வரும். மேல சொன்ன பிளான் ரெண்டு வழிக்கும் முதல் வருஷம் ஒரே மாதிரி இருக்கு பாருங்க, வேணும்னுதான் அப்படி வெச்சேன். பிஎச்டி எண்ணம் கொஞ்சமாவது இருந்தா மட்டும் தீசிஸை சுலபமா விட்டுடாதீங்க, சிபாரிசு கடிதம் எழுதப்போறவர் உங்க ஆராய்ச்சியைப் பார்த்தவரா இருக்கறது அங்க ரொம்ப முக்கியம், நல்ல கிரேடு மட்டும் வெச்சு அந்த இடத்தை நிரப்ப முடியாது. வேலை பார்த்துக்கிட்டே படிக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, செமஸ்டருக்கு ஒரு கோர்ஸ், மிஞ்சிப்போனா ரெண்டு, அதுவும் ரெண்டும் ப்ராஜெக்ட் கோர்ஸா இருக்கக்கூடாது.

இப்ப உடனே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. நீங்க டிகிரியில ஓஎஸ்ஸும் டிஸ்க்ரீட் மேத்ஸும் படிக்காததால சில யூனிவர்சிட்டி உங்களை பிரிட்ஜ் கோர்ஸ் (விட்டுப்போன அடிப்படையை நிரப்பற கோர்ஸ்) எடுக்கச் சொல்லும், அது 10ல சேராது, அப்படி வந்தா இந்த பிளான் முழுக்க ஒரு செமஸ்டர் நகர்ந்துடும். அதனால ரிஜிஸ்ட்ரேஷன் திறக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மெயில் போட்டு, பிரிட்ஜ் கோர்ஸ் கட்டாயமா, வேலை அனுபவத்தை வெச்சு வெய்வர் (விலக்கு) கிடைக்குமா, அதுக்கு எந்த ப்ரொஃபசர் கையெழுத்து வேணும்னு கேளுங்க. மெயில்ல மூணு வருஷம் என்ன எழுதினீங்கன்னு நாலு வரியில சொல்லுங்க, இண்டரப்ட் ஹேண்ட்லர், ஷெட்யூலர், டிரைவர்னு பேர் போட்டு எழுதுங்க, எம்பெடட் அனுபவம் இருக்குன்னு மொட்டையா எழுதினா அவங்களுக்கு எதுவும் புரியாது. எக்ஸ்வி6 லேப் முடிச்சிருந்தா அதையும் அடுத்த வரியில சேர்த்துக்கங்க.